ஹகோபிதாவின் பூனை

கதை எழுதுகிறவர்களுக்குப் பெயர்ப் பைத்தியம் உண்டு. கதாநாயகிக்குச் சரியான பெயர் அகப்படாமல் நாலு நாள் பேனாவை மூடி வைத்திருக்கிறேன். பிராணிகளைப் பற்றிய புத்தகத்தைப் புரட்டினாலும் என் கண் படத்துக்கு முன்னால் பெயருக்குத்தான் போகும். லத்தீனில் நீட்டி முழக்கும் அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை நிறத்தைச் சொல்லும், அல்லது ஊரைச் சொல்லும், அல்லது கண்டுபிடித்த கனவானைச் சொல்லும். அப்படிப் புரட்டிக்கொண்டு போகிறபோது ஒரு பூனையின் பெயரில் தடுக்கி நின்றேன். தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைத்தொடரின் உச்சியில் வாழும் காட்டுப்பூனை அது. அதன் விஞ்ஞானப் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பது ஊரும் அல்ல, நிறமும் அல்ல, ஒரு பெண். ஹகோபிதா என்பது அவள் பெயர்.

ஹகோபிதா தெஹாதா, அர்ஜென்டினாவின் வடக்கே சால்டா என்ற நகரத்துப் பெண். இத்தாலியிலிருந்து பிழைப்பும் அனுபவமும் தேடி வந்த பாவ்லோ மாண்டெகாட்ஸா என்ற வாலிப டாக்டர் 1856-ல் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். சாதாரண டாக்டர் அல்ல அவர். மலைஜனங்கள் மெல்லும் கோகா இலையைத் தாமும் மென்று பார்த்து, அதன் குணங்களைப் பற்றிப் பெரிய கட்டுரை எழுதினார். பிற்பாடு இத்தாலிக்குத் திரும்பிப் பேராசிரியரானார். டார்வினோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டார். ஸெனட் சபையில் உட்கார்ந்தார். போதாததற்கு, 3000-ஆவது வருஷத்தில் உலகம் எப்படியிருக்கும் என்று 1897-ல் ஒரு நாவலும் வெளியிட்டார்.

அவர் மூலமாக மலைநாட்டிலிருந்து ஒரு பூனை மிலான் நகரத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே எமிலியோ கொர்னாலியா என்ற இயற்கை விஞ்ஞானி இருந்தார். பட்டுப்புழுக்களுக்கு வரும் நோயை ஆராய்ந்து பெயர் வாங்கியவர். இந்தப் பூனை உலகம் அதுவரை அறிந்த எந்தப் பூனையிலும் சேராது என்று அவர் கண்டார். 1865-ல் அதை வர்ணித்து எழுதி, நண்பரின் மனைவி பெயரையே அதற்குச் சூட்டினார்.

இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஏங்க, அந்த அம்மா அந்தப் பூனையை உயிரோட பாத்திருப்பாங்களா?"

அந்த அம்மாளை விடுங்கள். பெயர் வைத்தவருக்கு முன்னால் இருந்ததே ஒரு தோல்தான். அந்தத் தோலை விட்டு வெளியே வர இந்தப் பூனைக்கு எத்தனை வருஷம் பிடித்தது என்பதுதான் நான் சொல்ல வந்த சரித்திரம்.

*

முதலில் பிராணியைப் பார்த்துக்கொள்வோம். நம் வீட்டுப் பூனையைவிடச் சற்றுப் பெரியது. எடை 4 முதல் 6 கிலோ. சாம்பல் நிறத்து அடர்ந்த ரோமம். அதன்மேல் துருவேறின இரும்பின் நிறத்தில் பட்டைகளும் திட்டுகளும். மூக்கு கறுப்பு. எல்லாவற்றையும்விட விசேஷம் வால். உடம்பின் நீளத்தில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட நீண்டு, உருளையாய்த் தடித்து, வளையம் வளையமாகக் கோடிட்டிருக்கும். செங்குத்தான பாறையில் இரையைத் துரத்திப் பாயும்போது அந்த வால்தான் அதற்குத் தராசுமுள்.

பெரு, பொலிவியா, சிலி, அர்ஜென்டினா ஆகிய நாலு தேசங்களிலும் இது இருக்கிறது. பெரும்பாலும் 3,500 மீட்டருக்கு மேல், மரமே முளைக்காத உயரம். பகலில் வெயில் சுடும். ராத்திரியில் தண்ணீர் உறையும். காய்ந்த புல், உப்புப் படிந்த ஏரி, பாறை, காற்று, இவ்வளவுதான் அங்கே. அந்தப் பாறைகளின் சந்துகளில் விஸ்காச்சா என்று ஒரு பிராணி கூட்டம் கூட்டமாக வசிக்கிறது. முயலின் காதும் அணிலின் வாலும் பொருத்தியதுபோல ஒரு உருவம். காலை வேளையில் அது கண்ணை மூடிக்கொண்டு பாறைமேல் குளிர்காய்வதைப் பார்த்தால், பென்ஷன் வாங்கின தாசில்தார் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஞாபகம் வரும். பூனைக்கு முக்கியமான ஆகாரம் இந்த விஸ்காச்சாதான். ஒரு பாறைக்கூட்டத்தில் விஸ்காச்சா இருக்கும். அடுத்த கூட்டம் பல மைலுக்கு அப்பால் இருக்கும். நடுவில் வெறும் பொட்டல். அதனால் ஒவ்வொரு பூனைக்கும் பெரிய எல்லை வேண்டியிருக்கிறது. நூறு மைல் அலைந்தாலும் ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்புவது அங்கே சகஜம்.

கொர்னாலியாவுக்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக விஞ்ஞானிகளின் கையில் இருந்ததெல்லாம் பொருட்காட்சிசாலை இழுப்பறைகளில் கிடந்த சில தோல்களும், அதைவிடக் குறைவான மண்டையோடுகளுந்தான். இவற்றை வைத்துக்கொண்டே அவர்கள் ஆராய்ச்சி நடத்தினார்கள். 1940-ல் ஆஞ்ஜெல் கப்ரேரா என்ற விலங்கியல் அறிஞர், இது மற்றப் பூனைகளோடு சேராது என்று தனிக் குலமே வகுத்து, 'மலைப்பூனை' என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் வைத்தார். பிறகு ரத்த சம்பந்தத்தை மரபணுக்களில் தேடும் காலம் வந்தது. அந்தச் சோதனையில், தென் அமெரிக்கக் காடுகளின் புள்ளிப்பூனைகளுக்கு இது நெருங்கிய பங்காளிதான் என்று ஏற்பட்டு, பழையபடி கூட்டுக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். இத்தனை பாகப்பிரிவினையும் நடக்கும்போது பிராணி என்னமோ மலைமேல் தன்பாட்டுக்கு விஸ்காச்சாவைத் தேடிக்கொண்டிருந்தது.

1980-ல் அர்ஜென்டினாவின் துக்குமான் மாகாணத்து மலைகளில், 4,000 மீட்டருக்கு மேலே, இரண்டு விஞ்ஞானிகள் அதை நேரில் கண்டார்கள். கண்டது என்றால் மின்வெட்டுப்போல ஒரு கணம் அல்ல. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக, சில மீட்டர் தூரத்திலேயே அதைத் தொடர்ந்து நடந்தார்கள். அது ஓடவில்லை, ஒளியவில்லை. 1998-ல் ஜிம் சாண்டர்ஸன் என்ற அமெரிக்க விஞ்ஞானி சிலியின் வடகோடியில், சுரீரே என்ற உப்பு ஏரிக்கரையில் அதைத் தேடிப் போனார். அவருக்கும் அதே அனுபவம். பூனை மனுஷனைப் பார்த்தது. பார்த்துவிட்டுத் தன் காரியத்தைக் கவனித்தது. அவர் எடுத்த படங்கள் பத்திரிகையில் வந்த பிறகுதான் உலகம் அதன் முகத்தை நன்றாகப் பார்த்தது. பெயர் வைத்து 133 வருஷம் ஆகியிருந்தது.

மனுஷனைக் கண்டு பயப்படாத குணம் நமக்கு அழகாகத் தோன்றுகிறது. அந்தப் பூனைக்கு அதுவே வினையாயிற்று.

*

விஞ்ஞானிகளுக்குத்தான் அது அபூர்வம். மலையில் லாமாவும் அல்பாகாவும் மேய்க்கிற அய்மாரா, கெச்சுவா ஜனங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக அதைத் தெரியும். அய்மாரா பாஷையில் அதற்கு 'தித்தி' என்று பெயர். உலகப்படத்தில் தித்திகாகா ஏரியைப் பார்த்திருப்பீர்கள். 'தித்தியின் பாறை' என்பதே அந்தப் பெயருக்கு அர்த்தம் என்று சொல்லுவோர் உண்டு.

மலைச் சிகரங்களில் வசிக்கும் தெய்வங்களுக்கு இந்தப் பூனை வேண்டியது என்பது அவர்கள் நம்பிக்கை. மந்தை பெருகுவதும், மழை பெய்வதும், உருளைக்கிழங்கு விளைவதும் அதன் கடாட்சத்தால். வருஷத்துக்கு ஒருமுறை மந்தைக்கு அடையாளமிடும் சடங்கு வரும். ஆடுமாடுகளுக்குக் கொம்பிலும் காதிலும் வர்ணக் கயிறு கட்டி நாம் பொங்கல் கொண்டாடுவதில்லையா, அந்த மாதிரி அவர்கள் லாமாக்களின் காதில் வர்ணக் கம்பளிநூல் கோத்துக் கொண்டாடுகிறார்கள். அன்று பெட்டியிலிருந்து தித்தியை வெளியே எடுப்பார்கள். உள்ளே அடைத்துப் பாடம் செய்த பூனை, அல்லது வெறும் தோல். அதற்கு வர்ண நூலும் நாணயங்களும் கட்டி அலங்கரித்து, கோகா இலையும் மதுவும் படைத்து வணங்குவார்கள்.

பக்தி குறைவில்லாத பக்தி. ஆனால் பூஜைக்கு வேண்டியது தோல்; தோல் வேண்டுமென்றால் பூனை சாக வேண்டும். மலைப் பாதையில் தித்தி எதிர்ப்பட்டால் அதிர்ஷ்டம் எதிரே வந்தது என்று அர்த்தம். வந்த அதிர்ஷ்டத்தை விட்டுவிடலாமா? அதுவோ ஓடாமல் நின்று பார்க்கிறது. ஒரு கல் போதும்.

இதைப் படித்துவிட்டு மலைஜனங்களை ஏசத் தோன்றினால், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மிலான் நகரத்துப் பொருட்காட்சிசாலைக்கும் அவர்கள் வீட்டுப் பெட்டிக்கும் உள்ளே கிடந்தது ஒன்றுதான். ஒருவர் பூச்சி அரிக்காமல் மருந்து போட்டு வைத்தார்; மற்றவர் வர்ண நூல் கட்டி வைத்தார். இரண்டு பேருமே அதை மதித்தவர்கள். மதிக்காமல் தோலை மட்டும் கேட்டவர்கள் செய்ததைக் கேட்டால் மனசு ஆறாது.

*

அது பூனையின் கதை அல்ல. அதே மலையில், அதே பாறைச் சந்துகளில் வாழ்ந்த சின்சில்லாவின் கதை. விஸ்காச்சாவுக்கு நெருங்கிய உறவு. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும் பிராணி. அதன் ரோமத்துக்கு ஈடான மென்மை பூமியில் கிடையாது. நம் தலையில் ஒரு துவாரத்தில் ஒரு மயிர் முளைக்கிறதென்றால், அதற்கு ஒரே துவாரத்தில் அறுபதுக்கு மேல் முளைக்கிறது. ஆண்டிஸின் குளிரைத் தாங்கக் கடவுள் கொடுத்த போர்வை. பாரிஸிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் சீமாட்டிகள் அதற்கு ஆசைப்பட்டார்கள். ஒரு மேலங்கி தைக்க நூறு தோலுக்கு மேல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சிலியின் துறைமுகங்களிலிருந்து வருஷத்துக்கு லட்சக்கணக்கான தோல்கள் கப்பல் ஏறின. பிராணி குறையக் குறைய விலை ஏறியது. விலை ஏற ஏற வேட்டைக்காரர்கள் அதிகமானார்கள்.

1910-ல் அர்ஜென்டினா, பொலிவியா, சிலி, பெரு ஆகிய நாலு சர்க்கார்களும் கூடி, சின்சில்லாவை வேட்டையாடுவதும் விற்பதும் கூடாது என்று ஒப்பந்தம் செய்தன. இந்தத் தேசங்கள் ஒன்றுகூடிக் கையெழுத்திட்டது சாமானிய விஷயமில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால்தான் சிலி ஒரு பக்கமும், பொலிவியாவும் பெருவும் மறுபக்கமுமாகப் பெரிய யுத்தம் நடந்து, பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் பறிகொடுத்திருந்தது. அந்தப் பகையையும் மீறி ஒரு எலியின் உறவுக்காரனுக்காக ஒப்பந்தம். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் கையெழுத்தின் மை காய்வதற்குள் மலையில் சின்சில்லா கிட்டத்தட்டக் காலியாகிவிட்டிருந்தது. தடை என்ற பேச்சுக் கிளம்பியதும் விலை இன்னும் ஏறி, மிச்சமிருந்ததையும் தேடிப் பிடித்தார்கள்.

1923-ல் சிலியின் செப்புச் சுரங்கம் ஒன்றில் வேலை பார்த்த மாத்தையாஸ் சாப்மன் என்ற அமெரிக்கர் வெகு பாடுபட்டுப் பதினோரு சின்சில்லாக்களைத் தேடிப் பிடித்து, உஷ்ணத்தில் செத்துவிடாமல் மலையிலிருந்து படிப்படியாகக் கீழே இறக்கி, கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். வெளிநாட்டுப் பண்ணைகளில் இன்று கூண்டில் வளரும் சின்சில்லாக்களில் பெரும்பான்மை அவற்றின் சந்ததி. மலையிலோ அங்கங்கே சிறு கூட்டங்கள் மட்டும் தப்பியிருக்கின்றன.

சின்சில்லா போனபோது பூனையின் சாப்பாட்டுத் தட்டில் ஒரு பங்கு போயிற்று. முற்காலத்தில் அதற்கு முக்கிய இரை சின்சில்லாவாகவே இருந்திருக்கலாம் என்று கருதும் ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். மிஞ்சியது விஸ்காச்சா. அதுவும் சட்டென்று பெருகுகிற ஜாதியல்ல. தாய் ஐந்து மாதத்துக்குக் கிட்டத்தட்டச் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அதன் இறைச்சிக்கும் தோலுக்கும் மனுஷனும் போட்டி.

*

1999-ல் அதே நாலு தேசங்களும் மறுபடி ஒன்றுகூடின. இந்தத் தடவை மந்திரிகளும் தூதர்களும் அல்ல, விஞ்ஞானிகள். பொலிவியாவுக்கும் சிலிக்கும் தூதரக உறவு 1978-லேயே முறிந்திருந்தது. அதைப் பற்றி இவர்கள் கவலைப்படவில்லை. பூனைக்கு எல்லைக்கல் தெரியாது. ஒரே மலையில் ராத்திரி ஒரு தேசம், காலையில் ஒரு தேசம். அதனால் தகவலைப் பங்குபோட்டுக்கொள்ளாமல் காரியம் நடக்காது என்று கண்டுகொண்டார்கள். பொலிவியாவின் லிலியன் வில்யால்பா என்ற பெண் விஞ்ஞானி இதில் முன்னின்றவர்களில் ஒருவர். 'ஆண்டிஸ் பூனைக் கூட்டணி' என்று இன்று வழங்குவது இப்படித் தொடங்கியதுதான். 2004-ல் நாலு தேசத்துக்கும் பொதுவான பாதுகாப்புத் திட்டம் ஒன்றை வெளியிட்டார்கள்.

ஆரம்பத்தில் அவர்கள் பட்ட கஷ்டம் வேடிக்கையானது. பூனையைக் காப்பாற்ற வேண்டும், பூனையைத்தான் காணோம். பாறைச் சந்துகளில் கிடக்கும் எச்சத்தைப் பொறுக்கி மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதே மலையில் பாம்பாஸ் பூனை என்று இன்னொன்று உண்டு. அதுவும் இதுவும் ஒன்றைப்போல ஒன்று இருக்கும். ஆயர்களைக் கேட்டால் இரண்டையும் தித்தி என்றே சொல்லுவார்கள். மூக்கு கறுப்பா சிவப்பா, வாலில் வளையம் எப்படி என்று அடையாளம் பிரித்துச் சொல்லவே தனி ஆராய்ச்சி வேண்டியிருந்தது. ஆள் போனால் தானே படம் எடுக்கும் காமிராவைப் பாறையில் கட்டி வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். நரி வந்தது, விஸ்காச்சா வந்தது, எப்போதாவது ஒரு தரம் அந்த வளையம் போட்ட வால் வந்தது. தெற்கே படகோனியாவில், யாரும் எதிர்பாராத தாழ்ந்த மேட்டுநிலங்களிலும் அது இருப்பது பிற்பாடு தெரிந்தது.

எல்லாம் கூட்டிக் கழித்து, வளர்ந்த பூனைகள் மொத்தம் 1,400-க்கும் குறைவுதான் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 2002 முதல் அது அழியும் ஆபத்திலுள்ள பிராணிகளின் சர்வதேசப் பட்டியலில் இருக்கிறது. நம் பக்கத்துச் சாதாரணக் கல்யாணத்தில் பந்திக்கு உட்காருகிறவர்களை எண்ணினால் அத்தனை பேர் தேறுவார்கள். அந்த எண்ணிக்கை ஆயிரக்கணக்கான மைல் நீளமுள்ள மலைத்தொடரில் இறைந்து கிடக்கிறது.

*

எண்ணியாயிற்று. இனி காப்பாற்றுவது எப்படி? இங்கேதான் எனக்கு இந்த மனிதர்களிடம் மரியாதை உண்டாகிறது.

சட்டம் நாலு தேசத்திலும் இருக்கிறது. ஆனால் 4,000 மீட்டர் உயரத்தில், ஊருக்கும் ஊருக்கும் ஒரு நாள் நடை இருக்கிற இடத்தில், சட்டத்தை யார் கொண்டுபோவது? ஆகவே ஆயர்களிடமே போனார்கள். தெற்கே வெள்ளாடு வளர்ப்பவர்களுக்குப் பூனைமேல் கோபம்: குட்டியைத் தூக்குகிறது என்று. அவர்களுக்கு உபதேசம் செய்வதற்குப் பதிலாக நாய்க்குட்டி கொடுத்தார்கள். பிறந்த சில வாரத்திலிருந்து ஆட்டுக்கிடையிலேயே ஆடுகளோடு ஆடாக வளர்த்த காவல்நாய் மந்தையை விட்டு அகலாது. பூனையோ நரியோ கிட்ட வராது. ஆடு பிழைத்தது என்றால் பூனையும் பிழைத்தது.

வடக்கே மலைஜனங்களிடம் விஷயம் வேறு. அங்கே கோபத்தோடு அல்ல, பக்தியோடு வாதாட வேண்டும். 'உங்கள் நம்பிக்கை தப்பு' என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பார்கள். தித்தி மலையின் செல்வம் என்று உங்கள் பாட்டனார் சொன்னாரே, அந்தச் செல்வம் மலையிலேயே நடமாடினால் நல்லதில்லையா என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் பேச்சைத் தொடங்கினார்கள். அந்த ஜனங்களின் பழைய நம்பிக்கையையே பூனைக்குக் காவலாக வைக்கப் பார்த்தார்கள். இன்னொரு காரியமும் நடந்தது. லாமா ரோமத்தை நூற்றுப் பழகிய பெண்கள், அந்தக் கம்பளியில் பூனை உருவங்களைச் செய்து விற்க ஏற்பாடு செய்தார்கள். சாம்பல் நிறக் கம்பளி, துருநிறக் கோடு, வளையம் போட்ட நீண்ட வால். தோலில்லாத தித்தி! அதில் வரும் காசு அடுப்பெரிய உதவுகிறது. அந்தக் காசு தொடர்ந்து வரவேண்டுமானால் மலையில் பூனை இருந்தாக வேண்டும்.

இவ்வளவும் நடக்கும்போதே மலைக்குப் புதிய விருந்தாளி வந்திருக்கிறான். இந்தப் பூமிக்கு விருந்தாளிகள் புதிதல்ல. 1545-ல் பொட்டோஸியில் வெள்ளி அகப்பட்டது. ஸ்பெயின் தேசமே அதில் கொழுத்தது. பிறகு தகரம் வந்தது. இப்போது லித்தியம். நம் பாக்கெட்டில் இருக்கும் டெலிபோனுக்கும், புகையில்லாமல் ஓடுகிறது என்று நாம் மெச்சிக்கொள்ளும் மின்சார மோட்டாருக்கும் வேண்டிய உலோகம். பொலிவியா, சிலி, அர்ஜென்டினா மூன்றும் சந்திக்கிற மூலையில் உப்பு ஏரிகளுக்கு அடியில் அது ஏராளம். அடியிலுள்ள உப்புநீரை இறைத்துப் பெரிய பெரிய பாத்திகளில் விட்டு, வெயிலில் காயவைத்து எடுக்கிறார்கள். மழையே அபூர்வமான ஊரில் தண்ணீரை ஆவியாக்கி ஆகாயத்துக்கு அனுப்புகிறார்கள். ஏரிக்கரைச் சதுப்புப் புல் காய்ந்தால் லாமாவுக்கு மேய்ச்சல் இல்லை. விஸ்காச்சாவுக்கும் புல் இல்லை. விஸ்காச்சா இல்லையென்றால் பூனைக்கு என்ன இருக்கிறது?

அதற்காக டெலிபோனைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. என் மேஜைமேலும் ஒன்று கிடக்கிறது. ஆனால் சின்சில்லா மேலங்கி அணிந்த சீமாட்டிகளும் கெட்டவர்கள் அல்ல. அந்தத் தோல் எங்கிருந்து வருகிறது, இன்னும் எத்தனை பாக்கி என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. 1910-ல் கேட்டபோது பதில் சொல்ல மலையில் அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை. இந்தத் தடவை கேள்வி கொஞ்சம் முன்னாலேயே எழுந்திருக்கிறது. 1,400-க்குள்தான் என்றாலும், பாறைச் சந்துகளில் அவை இன்னும் உயிரோடு நடமாடுகின்றன. எதிரே மனுஷன் வந்தால் அந்தப் பூனை இன்றைக்கும் ஓடுவதில்லை, நின்று பார்க்கிறது.